இடது பக்கத் தாழ்ப்பாள்

ஷட்டர் திறக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. மோட்டாருடன் வந்த கையேட்டில், 'பழுது நீக்கும் முறை' என்ற தலைப்பின் கீழ், நான்காவது இனமாக இப்படி அச்சிட்டிருக்கிறார்கள்: 'ஷட்டரின் இரு பக்கத் தாழ்ப்பாள்களும் விடுவிக்கப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளவும்.'

'கண்ணால் பார்த்து' என்ற சொற்கள் இல்லாமலும் அந்த வாக்கியம் நிற்கும். ஆனால் ஒரு விதியில் மிகையாகத் தெரியும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால், பார்க்காமல் விட்ட யாரோ ஒருவர் இருக்கிறார். பணிக்காலம் முழுவதும் கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு இது தெரியும். தெரிந்தும், அந்த நான்காவது இனத்துக்கு நேராக மனத்துக்குள் நான் எழுதிக்கொண்டது, படிவங்களில் எழுதி எழுதிக் கைக்குப் பழகிப்போன ஒரு சொல்லைத்தான்: 'பொருந்தாது.'

அன்று ஆயுத பூஜை.

எங்கள் வீடு அருப்புக்கோட்டையில், திருச்சுழி போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் இருக்கிறது. வீட்டை ஒட்டிய கார் ஷெட்டுக்கு, கடைகளுக்குப் போடுவது போன்ற இரும்பு ஷட்டரைத்தான் முதலில் போட்டிருந்தோம். குனிந்து தூக்க இடுப்பு மறுத்த பிறகு அதற்கு மோட்டார் வைத்தேன். ரிமோட்டை அழுத்தினால் மேலே போகும், மறுபடி அழுத்தினால் கீழே வரும். பழைய தாழ்ப்பாள்கள் மட்டும் வெளிப்பக்கம், கீழ் மூலைகளில் அப்படியே இருந்தன. மோட்டார் மாட்ட வந்தவர் போகும்போது, "இனி இதத் தொடாதீங்க சார். இது போட்டிருந்தா மோட்டாரு தூக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் தொடவில்லை.

எதிர் வீட்டுக்காரருக்கு அந்த ரிமோட்டைப் பார்த்ததும் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்கு வீரசோழனில் மளிகைக் கடை. பிள்ளைகளின் படிப்புக்காக எப்போதோ டவுனுக்குக் குடிவந்தவர். படிப்பு முடிந்து, பிள்ளைகள் பறந்து, மனைவியும் காலமான பின்னும் தினமும் காலையில் பஸ் ஏறிக் கடைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பாய் என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் அண்ணன், என் மனைவி மதினி.

"ஒத்தக் காருக்கு ரிமோட்டாண்ணே? என் கடை ஷட்டரு நான் வச்ச நாள்லருந்து ஒரே எத்துல மேல போகுது."

"எத்துறதுக்குக் காலு வேணும்ல பாய்."

"ரிமோட்டு மக்கர் பண்ணுச்சுன்னா கூப்பிடுங்க. ஒங்களுக்கும் சேத்து நானே வந்து எத்துறேன்."

அவருடைய மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுமுறையில் வருவான். இந்த முறை வந்தவன், "இந்த வயசுல பஸ்ஸுல அலைஞ்சது போதும்த்தா, கடைய மூடிட்டு வீட்டுல இருங்க" என்று சொல்லியிருக்கிறான். பாயின் காதில் 'கடைய மூடிட்டு' என்பது மட்டும்தான் விழுந்தது. என் பிழைப்பை மூடச் சொல்ல நீ யார் என்று இவர் கேட்க, அவன் பதிலுக்கு ஏதோ சொல்ல, வந்த வாரத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமனார் ஊருக்குப் போய்விட்டான். மிச்ச விடுமுறையை அங்கேயே கழித்தான். வளைகுடாவுக்குத் திரும்பும் அன்று காலையில் போன் செய்து, சாயங்கால விமானத்தில் போகிறேன் என்றானாம். இவர், "போ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தச் சாயங்காலம்தான் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை.

பூஜை விஷயத்தில் நான் கண்டிப்பானவன். அலுவலகத்தில் இருந்தபோது தட்டச்சுப் பொறி, தேதி முத்திரை, காகிதத்தில் துளை போடும் கருவி, பீரோவின் கைப்பிடி என எதற்கும் பொட்டு விடுபடாமல் மேற்பார்வை பார்ப்பது என் பொறுப்பு. விடுபட்ட சாமான் அடுத்த ஆண்டுக்குள் பழிவாங்கும் என்பது அங்கே எழுதாத விதி. வீட்டிலும் அதே முறைதான். காலையில் காரைக் கழுவி, மாலை போட்டு, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு உள்ளே விட்டேன். ஷட்டரை இறக்கினேன். ரிமோட்டைப் பூஜை அறையில், அரிவாள்மணைக்கும் தையல் இயந்திரத்தின் சாவிக்கும் நடுவில் வைத்தாயிற்று. அடுத்து ஷட்டரின் முறை.

"அசையிற சாமான் ஒண்ணு விடக் கூடாது" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "மோட்டாருக்கு வச்சீகளா? சுவிட்சுக்கு?"

வைத்தேன். தகடுகளின் மேல் வரிசையாக வைத்தேன். அப்போதுதான் தாழ்ப்பாள்கள் கண்ணில் பட்டன. மோட்டார் வந்ததிலிருந்து அசையாமல் துருவேறிக் கிடந்தன. அவையும் ஒரு காலத்தில் உழைத்த சாமான்கள்தானே என்று ஓர் இரக்கம். தேங்காய் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளி, துணியால் துடைத்தேன். சந்தனம், அதன் மேல் குங்குமம். வலது பக்கத்தை முடித்து இடது பக்கத்துக்கு வந்தபோது, தாழ்ப்பாளின் குமிழ் எந்த நிலையில் இருந்தால் பொட்டு நன்றாகத் தெரிகிறதோ அந்த நிலையில் அதை விட்டுவிட்டேன். பிறகு ஒரு வாழைக்கன்றைக் கொண்டுவந்து அந்த மூலையில் சாய்த்துக் கட்டினேன். பொட்டும் தாழ்ப்பாளும் மறைந்தன. என்ன செய்தோம் என்பதும் அத்துடன் என் நினைவிலிருந்து மறைந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து ஈசிசேரில் சாய்ந்திருந்தேன். பாய் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"அண்ணே, காரு எடுக்க முடியுமா?"

"எடுத்தாப் போச்சு. எங்க?"

"ஏர்போர்ட்டு வரைக்கும்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அவர் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "உப்புக்கண்டம். அவுக அம்மா இருந்தவரைக்கும் குடுத்து விடுவா. இந்தத் தடவ நானே போட்டேன். வாயில வைக்க வெளங்குமோ என்னமோ."

"போன் போட்டுச் சொல்லிட்டீங்களா, வாரேன்னு?"

"எதுக்கு? சொல்லிட்டுப் போறதுக்கு நான் என்ன கலெக்டரா? போயி நிக்கிறேன். உள்ள போறப்ப அவன் பாத்தாப் போதும்." பிறகு, என் போன் இருந்த சட்டைப் பையைப் பார்த்து, "நீங்களும் சொல்லிறாதீக" என்றார்.

சொல்லமாட்டேன் என்றேன். பையனின் எண் அந்த போனில் இருந்தது. அன்று சாயங்காலம்வரை அது என் நெஞ்சின் மேலேயே இருந்தது.

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். மனைவி அதைச் சொல்ல வாயெடுத்து, பாயின் சட்டையைப் பார்த்தாள். உள்ளே போய், குங்குமம் ஒட்டிய ரிமோட்டைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள்.

அழுத்தினேன். மோட்டார் உறுமியது. ஷட்டரின் வலது பக்கம் ஒரு விரற்கடை எழும்பியது. இடது பக்கம் அசையவில்லை. மோட்டார் தானாகவே நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே.

"நான் பஸ்ஸப் பிடிச்சுப் போயிர்றேண்ணே" என்றார் பாய். அப்போது போயிருந்தால் மதுரை பஸ்ஸில் போய், விமான நிலையத்துக்குப் பிரியும் இடத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, நேரத்துக்குப் போய் நின்றிருப்பார். அந்தத் தடத்தில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.

"காரு இருக்கையில பஸ்ஸு எதுக்கு பாய்? ரெண்டு நிமிஷம் இருங்க. இதுக்குன்னு ஒரு முறை இருக்கு" என்றேன்.

கையேட்டை எடுத்துவந்தேன். கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டேன். முதல் இனம், மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவும். உறுமிய மோட்டாருக்கு மின்சாரம் வராமலா? இருந்தாலும் பார்த்தேன், ஓர் இனத்தைத் தாண்டிப் போவது என் வழக்கமில்லை. இரண்டாவது இனம், ரிமோட்டின் பேட்டரி. டிவி ரிமோட்டிலிருந்து கழற்றிப் போடப் பார்த்தால், அது வேறு அளவு. சுவரில் இருந்த சுவிட்சை அழுத்திப் பார்த்தேன். அதே உறுமல், அதே விரற்கடை. மூன்றாவது இனம், மோட்டார் சூடேறியிருந்தால் ஆறும்வரை காத்திருக்கவும். தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. காத்திருந்தோம். மனைவி சுண்டல் கொண்டுவந்தாள். பாய் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், சாப்பிடவில்லை.

நான்காவது இனத்தைச் சத்தமாகவே வாசித்தேன்.

"தாழ்ப்பாளப் பாத்தீகளாண்ணே?" என்று அவர் கேட்டார்.

"அதத்தான் நாம தொடுறதே இல்லையே பாய்."

காலையில் அதற்கு எண்ணெய் விட்ட அதே கை கையேட்டின் பக்கத்தைப் புரட்டியது. ஐந்தாவது இனம், மோட்டாரை விடுவித்து, உட்பக்கச் சங்கிலியை இழுத்துக் கையால் திறக்கவும். வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்குப் போகும் கதவு வழியாகப் போய்ச் சங்கிலியை இழுத்தேன். வரவில்லை. பாயும் வந்து இழுத்தார். அதற்குக் கீழேயே தடித்த எழுத்தில் 'அதிக விசை பயன்படுத்தக் கூடாது' என்று இருந்ததால் அவரை நிறுத்தினேன். நிறுத்தாமல் விட்டிருந்தால் ஏதாவது உடைந்திருக்கும். உடைந்தாலும் பரவாயில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

"எத்திப் பாப்பமாண்ணே?"

"எத்தக் கூடாது. இது அலைன்மென்ட் கோளாறு. வலது பக்கம் ஏறுது, இடது பக்கம் ஏற மாட்டேங்குது, பாத்தீங்களா? சர்வீஸ் ஆளுதான் பாக்கணும்."

இடது பக்கம் ஏன் ஏறவில்லை என்று ஒரு சிறு பிள்ளைகூடப் போய்க் குனிந்து பார்த்திருக்கும். நான் அதற்கு ஒரு பெயர் சூட்டினேன். பெயர் சூட்டிய பிறகு குனிய வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

ஆறாவது இனம், வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைக்கவும். அழைத்தேன். எங்கள் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு குரல் இரண்டு மொழிகளில் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் பேசினாள்.

"சார், டெக்னீசியன் எல்லாருமே பூஜை லீவு சார். கம்ப்ளைன்ட் போட்டுடறேன். நம்பர் மெசேஜ்ல வரும்."

எண் உடனே வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், அதைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்தது போல ஒரு நிம்மதி வந்தது. "நம்பர் வந்துருச்சு பாய்" என்று அவரிடம் காட்டக்கூடச் செய்தேன். அவர் அதை மரியாதையாகப் பார்த்துவிட்டு, "டாக்சி எதாச்சும் சொல்லிப் பாப்பமாண்ணே?" என்றார்.

வழக்கமாக வரும் டாக்சிக்காரருக்கு போன் செய்தேன். பின்னணியில் மேளச் சத்தம். "சார், ஸ்டாண்டுல எல்லா வண்டியும் வரிசையா நிக்கிது. பூசணிக்கா இன்னும் ஒடைக்கல. ஒடைச்சு, ஒரு சுத்துச் சுத்திட்டு வந்துதான் சவாரி. இன்னைக்கு ஒருநாள் மன்னிச்சுக்கங்க சார்."

பாய் மறுபடி பஸ் என்றார். இனி பஸ்ஸில் போனால் போய்ச் சேரமுடியாது என்று நான் கணக்குச் சொன்னேன். அந்தக் கணக்கு சரிதான். அது சரியாகும்வரை அவரை நிறுத்திவைத்ததும் நான்தான்.

நாங்கள் இருவரும் ஷட்டருக்கு எதிரே தெருவில் நின்றோம். எங்கள் தெருவில் யாருடையது என்று தெரியாத ஒரு வெள்ளாடு உண்டு. அது பாட்டுக்கு வந்து, வாழைக்கன்றின் இலையைக் கடித்து இழுத்தது. கயிறு நெகிழ்ந்து கன்று சாய்ந்தது.

"ஏய், ஏய்! அது சாமிக்கு வச்சது, ஒனக்கு வச்சதில்ல!" என்று பாய் கையிலிருந்த சுண்டலை அதன் பக்கம் வீசிவிட்டு ஓடினார். ஆடு சுண்டலுக்கு நகர்ந்தது. கன்றைத் தூக்கி நிறுத்தக் குனிந்தவர், அப்படியே நின்றார்.

"அண்ணே."

"என்ன?"

"இதுக்கும் பொட்டு வச்சிருக்கீகளே."

தாழ்ப்பாள் முழுவதுமாகச் சட்டத்துக்குள் ஏறியிருந்தது. குமிழின் மேல் சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம் வட்டமாக, எந்தக் குறையும் சொல்ல முடியாதபடி இருந்தது. நல்ல பொட்டு.

அவர் ஒரு விரலால் அதைத் தள்ளினார். எண்ணெய் போட்டிருந்ததால் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. ரிமோட்டை அழுத்தினேன். ஷட்டர் மேலே போனது. பாய் என்னைத் திட்டியிருக்கலாம். கேலியாவது செய்திருக்கலாம். முன்சீட்டில் ஏறி, பொட்டலத்தைப் பின்சீட்டில் வைத்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

மதுரை சாலையில் எங்கு பார்த்தாலும் வாழைக்கன்று கட்டிய லாரிகளும் பஸ்களும் ஊர்வலம் போல ஊர்ந்துகொண்டிருந்தன. கடைகளுக்கு எதிரே உடைத்த பூசணிக்காய்கள் சிவப்பும் வெள்ளையுமாகச் சிதறிக் கிடந்தன. நான் வேகமெடுத்தபோது, "சறுக்கிறப் போகுதுண்ணே, மெதுவாவே போங்க" என்றார். அவசரம் அவருடையது, என்னை மெதுவாகப் போகச் சொன்னவரும் அவரே. சாலையின் இருபக்கமும் சீமைக்கருவேலம் வந்து போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

விமான நிலையத்தில் வழியனுப்பியவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற காவலரிடம் பாய் விமானத்தைச் சொல்லிக் கேட்டார். எல்லாரும் உள்ளே போயாகிவிட்டது என்றார் அவர்.

"வெளிய யாராச்சும் நின்னாகளா, தம்பி? ஒயரமா, கண்ணாடி போட்டு?"

"ஆயிரம் பேரு நிக்கிறாங்கய்யா. யாரைன்னு பாக்குறது?"

பாய் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு போன் போடுங்கண்ணே" என்றார். மதியமே சொல்லியிருக்க வேண்டிய அந்த வார்த்தையை அப்போது சொன்னார். மதியமே செய்திருக்க வேண்டியதை நானும் அப்போதுதான் செய்தேன். போன் அணைக்கப்பட்டிருந்தது.

"சரி. விடுங்க."

வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றோம். விமானம் கிளம்பிப் போனதைப் பார்த்தோம். அதுதானா என்று எங்களுக்குத் தெரியாது.

திரும்பும்போது, அருப்புக்கோட்டை நெருங்கியதும் பாய் சொன்னார். "இத அவன்கிட்டச் சொல்லிறாதீகண்ணே. வந்தும் பாக்காமப் போனேன்னா அது எனக்குக் கேவலம். வரலேன்னே நெனைக்கட்டும். அது ரெண்டு பேருக்கும் பழகிப்போச்சு."

அன்று இரவே சேவை மையத்திலிருந்து பதில் வந்துவிட்டது. எங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டதாம். யாரும் வராமல் எப்படித் தீர்ந்தது என்பதை விளக்கவில்லை. சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். உப்புக்கண்டப் பொட்டலம் பின்சீட்டிலேயே கிடந்து, மறுநாள் காரைத் திறந்தபோது அந்த வாசனை முகத்தில் அடித்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வாசனை வெகுநாள் காரில் இருந்தது. மனைவி மணமூட்டி வாங்கிவரச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு வாங்கத் தோன்றவில்லை.

பாய் வழக்கம்போலக் காலையில் வந்து செய்தித்தாள் வாங்கிப் படித்தார், பஸ்ஸுக்குப் போனார். ஷட்டரைப் பார்ப்பதைத் தவிர்த்தார் என்று சொல்லமாட்டேன். அதைப் பற்றிய கேலியை மட்டும் நிறுத்திக்கொண்டார். அந்தக் கேலி இல்லாத காலை எனக்குக் கனத்தது.

தீபாவளிக்குப் பிறகு நான் வாக்கை மீறினேன். பையனின் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். முதலில் எழுதியதைப் பார்த்தால், அலுவலகக் கடிதம் போல மேலே 'பொருள்' என்றும் அதற்குக் கீழே 'பார்வை' என்றும் போட்டிருந்தேன். அவற்றை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். 'உன் அத்தா அன்றைக்கு உன்னைப் பார்க்கப் புறப்பட்டு வந்தார். மதியமே புறப்பட்டார். தாமதம் அவரால் இல்லை, என் வீட்டு ஷட்டரால். அதற்கு முழுப் பொறுப்பு நான். உனக்காக அவரே உப்புக்கண்டம் போட்டு எடுத்து வந்தார். இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.' அனுப்பிய உடனேயே இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

அலுவலகத்தில் பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டு அனுப்புவோம். நினைவூட்டுக்கும் பதில் இல்லையென்றால் இரண்டாம் நினைவூட்டு. இதற்கு எதுவும் அனுப்பவில்லை. அவனுடைய பெயருக்குக் கீழே அந்த நீல டிக்குகளைத் தினமும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அவன் நம்பவில்லையோ, நான் பாய்க்காகச் சமாதானம் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டானோ என்றெல்லாம் தோன்றும்.

பொங்கல் முடிந்ததும் பாய் கடையை மூடினார். யாரும் சொல்லவில்லை, தானாகவே மூடினார். பஸ் படிக்கட்டு ஏறுவது சிரமமாக இருக்கிறது என்றார். திருநெல்வேலியில் இருக்கும் மகள் வந்து கூப்பிட்டாள். பெட்டி கட்டிய பிறகு வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"மாசத்துக்கு ஒருக்காத் தெறந்து காத்து விடுங்கண்ணே. பயப்படாதீக. இது சாவி போட்டாத் தெறந்துக்கிரும்."

வெகுநாள் கழித்து வந்த கேலி அது. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். மகள் காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அதன்பின் ஒருநாள் எதிர் வீட்டைத் திறந்து ஜன்னல்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பையன்தான். நீளமாக எழுதியிருந்தான்.

'பெரியப்பா, ஒங்க மெசேஜ அன்னைக்கே பாத்துட்டேன். என்ன எழுதுறதுன்னு தெரியாம விட்டுட்டேன். நேத்துப் பெருநாளைக்கு அக்காவுக்குப் போன் பண்ணேன். கடைய மூடிட்டாகன்னு சொன்னா. நான் கோவத்துல மூடச் சொல்லல. அத்தாட்டக் குடுன்னேன், தொழுகையில இருக்காகன்னுட்டா. அன்னைக்கு ஏர்போர்ட்டுல எல்லாரும் உள்ள போனப்பறமும் நான் வெளியவே நின்னேன். வருவாகன்னு எனக்கு ஏன் தோணுச்சுன்னு தெரியல. கடைசி ஆளா உள்ள போனேன். அடுத்த லீவு எப்பன்னு கம்பெனியில இன்னும் சொல்ல மாட்டேங்குறாங்க. அத்தாவப் பாத்தா சொல்லுங்க.'

பாயின் கட்டிலில் உட்கார்ந்து அதை இன்னொரு முறை வாசித்தேன். பிறகு திருநெல்வேலிக்கு போன் போட்டேன். பாயே எடுத்தார். அவர் வீட்டிலிருந்துதான் பேசுகிறேன் என்றேன். சொல்லக் கூடாது என்றதைச் சொல்லிவிட்டேன் என்று முதலில் ஒத்துக்கொண்டேன். வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அந்தப் பக்கம் மின்விசிறியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே."

"சொல்லுங்க பாய்."

"கடைசி ஆளா போனேன்னு எழுதியிருக்கானே. அத மட்டும் இன்னொருக்க வாசிங்க."

வாசித்தேன். "சரிண்ணே" என்றார். ஜன்னல் திறந்திருக்கிறதா என்று கேட்டார். திறந்திருக்கிறது என்றேன். மழை வந்தால் சாத்திவிடச் சொன்னார். வைத்துவிட்டார். அவர் மகனுக்குப் போன் செய்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் இதுவரை சொல்லவில்லை. அவனுக்கு விடுமுறை கிடைக்கும்போது இவர் எந்த ஊரில், எந்த நிலையில் இருப்பார் என்பதும் தெரியாது. எத்தித் திறந்திருக்க வேண்டிய ஒரு மதியத்தை நான் ஒவ்வோர் இனமாக வாசித்துத் தீர்த்தேன் என்பது மட்டும் தெரியும்.

அலுவலகத்தில் தபால் வந்தால் முதல் வேலை அதன் மேல் தேதி முத்திரை குத்துவது. இதற்குக் குத்த முத்திரை இல்லாததால் இங்கே குறித்து வைக்கிறேன். பதில் கிடைத்த நாள்: நோன்புப் பெருநாளுக்கு மறுநாள்.